ஈரத் துண்டும் கோட்டை ராணியும்

"இந்த நாவல்ல ஒரு வரியைக்கூட என் பெண்டாட்டி கண்ணுல காட்ட மாட்டேன்" என்று கண்ணாடிக்காரர் உரக்கச் சபதம் செய்தார். செய்த இடம் குளியலறை. குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக்கொண்டுதான் செய்தார். வீரம் இருக்கிற இடத்தில் முன்யோசனை இருக்காது என்று யாராவது சொன்னால் மறுப்பாக அவரைக் காட்டலாம்.

வெளியே வந்ததும் ஈரத் துண்டைக் கட்டிலில் வீசினார். அதுவும் ஒரு புரட்சிதான்.

"துண்டு" என்றது பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல். அதட்டல் இல்லை, கோபம் இல்லை. வெறும் துண்டு.

எடுத்துக் கொடியில் போட்டார். ஆனால் சபதம் சபதம்தான். அதில் மாற்றமில்லை.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து லென்ஸ் போட்டுக் கொடுக்கிறவர். நாள் முழுக்க இருட்டறையில் நின்றுகொண்டு, ஒரு லென்ஸை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது தொழில். ஊரே அவர் காட்டுகிற பக்கம் பார்க்கும். வீட்டில்தான் எது தெளிவு என்று அவரை யாரும் கேட்பதில்லை. அங்கே அதிகாரம் வேறு கையில் இருந்தது.

அவர் மனைவி பள்ளிக்கூட நூலகர். அம்மையார் என்றே சொல்லிவிடுகிறேன். 'அவள்' என்று எழுத எனக்கும் கொஞ்சம் உதறல்தான். அம்மையார் கத்த மாட்டார், அழ மாட்டார், சண்டைக்கும் வர மாட்டார். குரலை உயர்த்தாமலே ஒரு வகுப்பை உட்கார வைத்துப் பழகியவர். அவரிடம் இருந்த ஆயுதம் ஒரே ஒரு சொல்.

சில வருடங்களுக்கு முன் கண்ணாடிக்காரர் பெரியவர்களுக்காக ஒரு நாவல் ஆரம்பித்தார். முதல் அத்தியாயத்தை ஏற்ற இறக்கத்தோடு மனைவிக்கு வாசித்துக் காட்டினார். கதாநாயகன் மலைமேல் நிற்கிறான். காற்று வீசுகிறது. வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறான். அம்மையார் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, அப்புறம்?"

"யோசிக்கறான்."

"அதான் யோசிச்சுட்டானே. அப்புறம்?"

அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது கண்ணாடிக்காரருக்கே அப்போதுதான் தெரிந்தது. கதாநாயகன் இன்னும் அந்த மலைமேலேயே நிற்கிறான். இறக்கிவிட ஆள் இல்லை.

அந்தக் காயம் ஆறவில்லை. அதனால்தான் இந்த முறை எல்லாம் ரகசியம். பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கான சரித்திர சாகச நாவல். எழுதியது கடையில். கண் பார்க்க வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, "கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க, நான் சொல்றவரைக்கும் திறக்காதீங்க" என்பார். அவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் பக்கத்திலேயே கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருப்பார். அந்த மாதங்களில் பல பேர் அங்கே நன்றாகத் தூங்கி எழுந்து போனார்கள். வேறு எந்தக் கடையிலும் இவ்வளவு நிதானமாகக் கண் பார்ப்பதில்லை என்று நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

கதை இதுதான். பழைய காலம். கடலோரம் ஒரு கோட்டை. அதைக் கட்டி ஆள்கிறாள் ஒரு கொடுங்கோல் ராணி. எல்லா அறைச் சாவியும் அவள் இடுப்பில். போர்வீரன் எவனாவது ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் சிறை. விளக்கை அணைக்காமல் வெளியே போனால் சாப்பாடு கிடையாது. யார் எதிர்த்து எவ்வளவு நெருப்பாகப் பேசினாலும், முடிகிறவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பாள். போர் அறிவிக்க வந்த எதிரி நாட்டுத் தூதனே அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அழுதுகொண்டு திரும்பிப் போகிறான்.

அவளை எதிர்த்துக் கிளம்புகிறாள், கோட்டை உச்சியில் நின்று கப்பல்களுக்குக் கொடி காட்டும் ஒரு சிறுமி. சிறுமிக்கு வீரம் ஊட்டுகிறவர் கோட்டைப் படைத்தலைவர். நாவலின் உயிரே அவர்தான் என்பது கண்ணாடிக்காரரின் எண்ணம். அகன்ற நெற்றி, ஆழ்ந்த பார்வை, முழங்கும் குரல். அத்தியாயத்துக்கு ஒரு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த அக்கிரமத்துக்கு ஒரு முடிவு கட்டியே தீருவேன்" என்று ஆரம்பிப்பார். பெரிய சிந்தனையாளர் ஆகையால், கேடயத்தை முதுகில் மாட்டிக்கொண்டே கேடயத்தைத் தேடுவார். கண்ணாடிக்காரருக்கும் நெற்றி அகலம்தான். வருடா வருடம் இன்னும் அகலமாகிக்கொண்டு வந்தது.

கடைசி அத்தியாயத்தில் ராணி பாதாளச் சிறைக்குப் போகிறாள். இரும்புக் கதவு சாத்தப்படுகிறது. அந்த இடத்தை எழுதிய அன்று, நாற்காலியில் கண்ணை மூடியிருந்த வாடிக்கையாளர் ஒருவர், "யாருங்க அது, சிரிக்கறது?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

எழுதிய தாள்களை நாவலாக ஒழுங்கு செய்து, சிறுவர் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். வீட்டு முகவரி கொடுக்கவில்லை. கடை முகவரி. எதிரிக்கு ஒரு துப்புக்கூடக் கிடைக்காது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்தப் பதிப்பகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிற கதைகளில் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, பள்ளிக்கூட நூலகங்களுக்கு அனுப்பிவிடும். நூலகர் அதை வாரா வாரம் வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டும். கதை எப்படி இருக்கிறது என்று குழந்தைகளைக் கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதைக்கு நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதில், கதையில் எந்த இடம் வரும்போது தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கை தூக்குகிறார்கள் எனக் குறித்து அனுப்ப வேண்டும். கதை நன்றாக இருக்கிற இடத்தில் எந்தக் குழந்தைக்கும் தாகம் எடுக்காது.

அந்தப் பதிப்பகத்துக்கு வெகுகாலமாகக் கதை வாசித்துக் குறிப்பு எழுதுகிறவர் நம் அம்மையார். இதை அவர் வீட்டில் மறைத்ததே இல்லை. சாப்பிடும்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்காரர் "உம்" என்றிருக்கிறார். கேட்டாரா என்றால், அது வேறு விஷயம்.

ஒரு நாள் சாப்பிடும்போது அம்மையார் ஆரம்பித்தார்.

"பசங்களுக்குப் புதுசா ஒரு கதை வாசிக்கறேங்க."

"உம்."

"அதுல ஒரு அம்மா வர்றாங்க. அவங்க வர்ற இடத்துல ஒருத்தர்கூட எழுந்திரிக்கறதில்ல."

"உம்."

"பெரிய நிர்வாகம். நூத்துக்கணக்கான பேருக்குச் சாப்பாடு, தண்ணி, காவல் எல்லாம் அந்த அம்மா தலையில. எவ்வளவு பொறுப்பு, பாருங்க. ஒருத்தர் நன்றி சொல்றதில்ல."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். எவனோ ஒரு அப்பாவி, குழந்தைகளுக்குப் போய்ச் சாப்பாடு, தண்ணீர், நிர்வாகம் என்று குடும்பக் கதை எழுதியிருக்கிறான். இந்த வருடம் போட்டிக்கு ஆளே இல்லை என்று நினைத்ததும் அவருக்கு மனசு குளிர்ந்தது. கோட்டை, ராணி என்ற இரண்டு சொல்லும் அம்மையார் வாயில் ஏனோ அன்று வரவே இல்லை.

"அதுல ஒரு ஆளும் வர்றாரு" என்றார் அம்மையார்.

"எப்படிப்பட்ட ஆளு?"

"நல்ல மனுஷன், பாவம். ஆனா வாயைத் திறந்தா மூட மாட்டேங்கறாரு. பொருளைத் தன்கிட்டயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறாரு. அவர் பேச ஆரம்பிச்சா போதும், பாதி வகுப்பு தண்ணி குடிக்கப் போயிடுது."

கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அம்மையார் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இந்த மாதிரி ஆளுங்களையெல்லாம் யாரு எழுதச் சொல்றாங்க? குழந்தைங்க கதையில இந்தத் தொணதொணப்பு எதுக்கு?"

"என்ன பண்ணலாங்கறீங்க?"

"கதையில பக்கத்துல ஆறு, குளம் ஏதாவது இருக்கா?"

"கடலே இருக்கு."

"ரொம்ப வசதியாப் போச்சு. அடுத்த அத்தியாயத்திலேயே பிடிச்சுக் கடல்ல தள்ளிடு."

அம்மையார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்குங்க. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."

"உனக்கு இளகின மனசு. கதைன்னு வந்துட்டா ஈவு இரக்கமே கூடாது. தள்ளு."

"சரி. நீங்க சொன்ன மாதிரியே எழுதிடறேன்."

அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபட்டு வெகுநாளாகியிருந்தது. கண்ணாடிக்காரர் அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சில வாரங்கள் கழித்து, தையல்காரர் ஒருவர் மகளைக் கண் பார்க்கக் கடைக்குக் கூட்டி வந்தார். துறுதுறுவென்று ஒரு சின்னப் பெண். கண்ணாடிக்காரர் லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து, பொருத்தமானது கிடைத்ததும், பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"இதைப் போட்டுக்கிட்டா கரும்பலகை பளிச்சுனு தெரியும் பாப்பா."

"அப்புறம்?" என்றாள் பாப்பா.

கண்ணாடிக்காரர் கையிலிருந்த லென்ஸ் நழுவிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் தையல்காரர். "கொஞ்ச நாளா இப்படித்தான். எதைச் சொன்னாலும் அப்புறம்கறா. நேத்து துண்டைக் கட்டில்ல போட்டுட்டேன்னு என்னைக் கட்டிலுக்கு அடியில சிறை வெச்சுட்டா. எங்க வீட்டுக்காரி சாவியைக் கையில வெச்சுக்கிட்டுக் காவல் நிக்கறா."

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். அம்மையாரின் பள்ளிக்கூடம்தான். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். கண்ணாடிக்காரர் யோசிக்கவில்லை. மனைவியின் ஆட்சி வீட்டைத் தாண்டி ஊருக்குள் பரவுகிறது, ஆபத்து நெருங்கிவிட்டது என்று மட்டும் முடிவு செய்தார்.

"தைரியமா இருங்க" என்று தையல்காரரின் தோளைத் தட்டினார். "ஒரு புத்தகம் வரப்போகுது. அது வந்துட்டா இந்த ராஜ்யம் எல்லாம் தரைமட்டம்."

தையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை சொன்ன ஆறுதல் அவருக்கு இதமாக இருந்தது.

பதிப்பகத்திலிருந்து நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடமாட்டேன் என்ற தீர்மானத்தோடு போனார். பதிப்பாசிரியர் ஒரு இளம்பெண். மேசை முழுக்கக் காகிதக் கட்டுகள்.

"ஒரு எழுத்தை மாத்த மாட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர், உட்காருவதற்கு முன்பே.

"உங்க கதையைப் புத்தகமாப் போடறோம் சார்."

உட்கார்ந்தார்.

"சின்னச் சின்ன மாத்தம்தான்" என்றார் பதிப்பாசிரியர். "முதல்ல, ராணி சிறைக்குப் போகக் கூடாது."

"என்னது?"

"அந்த அத்தியாயம் வாசிச்ச அன்னைக்கு ஒரு வகுப்பே நூலகத்தை விட்டு நகரலையாம் சார். ராணியை வெளிய விட்டாத்தான் எழுந்திரிப்போம்னு உட்கார்ந்துட்டாங்களாம். 'ராணி உள்ள இருந்தா தண்ணித் தொட்டி சாவி யாருகிட்ட இருக்கும்'னு ஒரு பொண்ணு அழுதே விட்டுதாம். உங்க கதையில அதுக்குப் பதில் இல்லையே."

இல்லைதான். புரட்சி முடிந்த மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியை யார் திறப்பார்கள் என்று கண்ணாடிக்காரர் நினைத்தே பார்க்கவில்லை. வீட்டிலும் அது யார் வேலை என்று அவருக்குச் சரியாகத் தெரியாது.

"சரி, அடுத்தது?" என்றார் இறங்கிய குரலில்.

"படைத்தலைவரை எடுத்துடணும்."

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "அவர் இல்லாம கதையே கிடையாது. அவர்தாங்க உயிரே."

"அவர் வந்தாலே பசங்களுக்குத் தாகம் எடுக்குது சார்."

"எந்த மடையன் சொன்னது?"

பதிப்பாசிரியர் குறிப்பைப் புரட்டினார். "வாசிச்ச நூலகர் அவரை வெச்சுக்கலாம்னுதான் எழுதியிருக்காங்க. ஆனா அவங்க ஒருத்தர்கிட்ட யோசனை கேட்டிருக்காங்க. அவர் சொன்னது இது. 'அடுத்த அத்தியாயத்திலேயே பிடிச்சுக் கடல்ல தள்ளிடு. கதைன்னு வந்துட்டா ஈவு இரக்கமே கூடாது.' அப்படியே தள்ளிவிட்டு மிச்சத்தை வாசிச்சாங்களாம். வகுப்புல ஒரே கைதட்டல். அதுக்கப்புறம் ஒருத்தர் தண்ணிக்குப் போகல. சொன்னவர் யாருன்னு தெரியல சார். ஆனா விஷயம் தெரிஞ்ச ஆளு."

கண்ணாடிக்காரர் மறுபடி உட்கார்ந்தார். நூற்றுக்கணக்கான பேருக்குச் சாப்பாடு, வசதியான கடல், நகர்த்தி வைத்த டம்ளர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. இருட்டறையில் சரியான லென்ஸ் விழுந்ததும் வாடிக்கையாளர்கள், "ஆங், இப்பத் தெரியுது" என்பார்கள். அவருக்கும் தெரிந்தது. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டதுவரை தெரிந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டார்.

"நீதானா அது?"

"நான்தான்" என்றார் அம்மையார். உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும்?"

"முதல் பக்கத்துலயே. உலகத்துல வேற எந்தக் கோட்டையில துண்டுக்காகச் சிறை வெப்பாங்க?"

"தெரிஞ்சும் வாசிச்சியா?"

"வாசிக்காம எப்படிங்க இருக்கறது? அடுத்த வாரம் எப்ப வரும்னு எனக்கே இருந்துது. நீங்க எழுதினதுல முதல் தடவையா அப்புறம், அப்புறம்னு வந்துக்கிட்டே இருந்துது."

இத்தனை வருடத்தில் அவர் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். சண்டை போட வந்த மனுஷனுக்கு அது பெரிய இடைஞ்சலாகிவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ராணியை வேணும்னா வெளிய விடறேன். ஆனா படைத்தலைவரை விட்டுக்குடுக்க மாட்டேன். புத்தகமே வராட்டியும் சரி. அவ்வளவு பெரிய கோட்டை. அவருக்குன்னு ஒரு மூலைகூடக் கிடையாதா?"

நாவலுக்காக மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை. அம்மையார் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"நான் வெச்சுக்கத்தாங்க சொன்னேன். தள்ளச் சொன்னது நீங்க."

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"என்கிட்ட வாங்கி என்ன பிரயோஜனம்? தள்ளினது பசங்க. வகுப்புக்கு வந்து கேளுங்க. அவங்க சரின்னா பதிப்பகத்துக்கு நானே எழுதறேன்."

"வர்றேன். எனக்கென்ன பயம்?"

மறுநாளே போனார். தாழ்ந்த அலமாரிகள், சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த கோட்டைகள். ஒவ்வொரு கோட்டை உச்சியிலும் இடுப்பில் சாவியோடு ஒரு ராணி. ஒரே ஒரு படத்தில் மட்டும் கடலில் யாரோ கையை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் அந்தப் படத்தைப் பார்க்காமல் பார்த்தார்.

"இவர் உங்ககிட்ட ஒரு விஷயம் பேச வந்திருக்கார்" என்றார் அம்மையார். எழுதியவர் என்றும் சொல்லவில்லை, வீட்டுக்காரர் என்றும் சொல்லவில்லை.

படைத்தலைவருக்கான வாதங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தாளை விரித்தார். எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைத் தேடினார். சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார், மேசைமேல் தடவினார், அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கண்ணாடி அவருடைய அகன்ற நெற்றியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. கடைசியில் தாள் இல்லாமலே பேசிவிடுவது என்று முடிவு செய்து, தொண்டையைக் கனைத்தார்.

"குழந்தைகளே, ஒரு மாவீரருக்கு இங்கே அநியாயம் நடந்திருக்கிறது. இந்த அக்கிரமத்துக்கு ஒரு முடிவு கட்டியே தீருவேன்."

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், தண்ணி."

அவர் விடவில்லை. வீரம் என்றால் என்ன என்று விளக்கினார். இன்னும் சில கைகள் உயர்ந்தன. சிந்தனையின் ஆழத்தைப் பற்றிச் சொல்லும்போது வாசலில் வரிசையே நின்றது. கண்ணாடிக்காரர் குரலை இன்னும் உயர்த்தினார். ஆள் குறையக் குறைய அவருக்கு ஆவேசம் கூடிக்கொண்டே போனது.

முன்வரிசையில் தையல்காரர் மகள் மட்டும் அசையாமல் இருந்தாள். அவர் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்த புதுக் கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது. அதை விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டு, அவரை நெற்றியிலிருந்து செருப்புவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து நின்றாள்.

"டீச்சர், நாம கடல்ல தள்ளினோமே, அந்த ஆளு நீந்தி வந்துட்டாரு."

தண்ணீர் குடிக்கப் போனவர்கள் எல்லாரும் ஒரே ஓட்டமாக உள்ளே வந்தார்கள். வகுப்பு மொத்தமும் அவரையே பார்த்தது. கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்று அம்மையார் பிள்ளைகளைக் கேட்டார். சிரிக்காமல் கேட்டதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். "திரும்பவும் தள்ளிடலாமா?"

தையல்காரர் மகள் நன்றாக யோசித்தாள். கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"வேணாம் டீச்சர், பாவம். கோட்டையிலயே இருக்கட்டும். தலை துவட்டிக்க ஒரு துண்டு குடுங்க. கட்டில் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க."